எறும்புக்குப் பயந்த தண்டையல்

கற்பிட்டிக் கரையில் காற்றுக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள், கடலுக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள், வெள்ளைக்காரத் துரைக்கே பயப்படாதவர்களும் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் எறும்புக்குப் பயந்து வாழ்ந்த ஆண்பிள்ளை இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தண்டையல் காக்கா. கற்பிட்டி முஸ்லிம்கள் நாங்கள் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

தண்டையல் என்றால் பாய்த்தோணிக்குத் தலைவன். கருவாடும் கொப்பறாவும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் போய்வருவார். நான் வியாபாரம் தொடங்கியதே அவர் தோணியில் ஒரு கூடை கருவாடு ஏற்றித்தான். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இன்று லொறிக்காரனாக இருக்கிறேன் என்பது ஊருக்கே தெரியும். நான் சொல்லத் தேவையில்லை.

காக்காவுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், என்று கண்டுபிடித்தவர் டொக்டர் இல்லை, அவர் மனைவி. காக்கா ஒன்றுக்குப் போன வேலியோரத்தில் எறும்பு சாரை சாரையாக மொய்ப்பதை மதினி பார்த்தார். பார்த்ததும் ஆளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டொக்டர் குப்பியில் எதையோ ஊற்றிக் காய்ச்சி, மதினி சொன்னதையே திருப்பிச் சொன்னார். அன்றிலிருந்து மதினிக்கு டொக்டர் மேல் பெரிய மதிப்பு இல்லாமல் போனது.

வீட்டில் சட்டம் வந்தது. சோறு ஓர் அகப்பை. தேத்தண்ணி என்றால் சீனி இல்லாத வெறும் தேயிலைச் சாயம். கருப்பட்டியைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது. உலக யுத்த காலம் என்பதால் ஊருக்கே சீனி கூப்பனுக்குத்தான். அந்தச் சீனியும் அலுமாரிக்குள், சாவி மதினியின் இடுப்பில். கடைசிச் சட்டம்தான் எல்லாவற்றிலும் கொடுமை. காக்கா முருங்கை மரத்துக்குக் கீழேதான் ஒன்றுக்குப் போக வேண்டும். விடிந்ததும் மதினி போய்ப் பார்ப்பார். எறும்பு இருந்தால் அன்றைக்குக் கஞ்சி.

ஒரு நாள் காக்கா புத்தளம் சந்தையில் கருப்பட்டியில் கிண்டிய தொதல் தின்றுவிட்டு வந்தார். மறுநாள் விசாரணை.

"எங்க திண்டீங்க?"

"ஒண்டும் திங்கல்ல. நம்பு."

"எறும்பு பொய் சொல்லாது. நீங்க சொல்லுவீங்க."

காக்கா எறும்போடு போர் தொடுத்தார். சாம்பல் தூவினார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். மதினி வாளியை ஒளித்துவைத்தார். கடைசியில் காக்கா என்னிடம் வந்தார்.

"உனக்கு வருத்தம் கிருத்தம் ஒண்டும் இல்லையே?"

"இரும்பு காக்கா, இரும்பு."

"அப்ப எனக்குப் பதிலா நீ முருங்கைக்குக் கீழ போயிட்டு வா."

எறும்பு தீண்டாத உடம்பு என்ற பெருமையோடு நானும் போனேன். மரத்தடியில் மதினி விளக்குமாறோடு நின்றார்.

"தம்பி, உங்கட வீட்டுல மரம் இல்லையா?"

காக்காவின் இடது கால் பெருவிரலை மட்டி ஓடு வெட்டும்வரை இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. புண் ஆறவில்லை. ஓரம் கறுத்தது. "இனியும் இனிப்புத் திண்டா விரலோட நிக்காது, காலையே எடுக்க வேண்டி வரும். உங்கட பெருநாள் வரைக்கும் பாப்பம்" என்று டொக்டர் சொன்னார். காக்கா சுக்கான் கட்டையைக் கையால் பிடிக்கிறவர் அல்ல. நின்றபடி இடது காலால் அணைத்துத் தோணியைத் திருப்புகிறவர். அந்தக் கால் போனால் கடலும் போனது.

அந்த நேரம் பார்த்து அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மதுரங்குளி ஆட்கள். காக்காவின் வருத்தத்தை அவர்களிடம் மறைத்துவிட்டார்கள். தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்று கதைப்பார்களே. எங்கள் விருந்து சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதைச் சாப்பிட வேண்டும். ருசியான பங்கை மதிப்பான ஆளின் பக்கம் தள்ளிவிடுவதுதான் மரியாதை. வேண்டாம் என்றால் மனஸ்தாபம்.

மதினி என்னைக் கூப்பிட்டார். "கள்ளனுக்குக் கூட்டாளி நீங்கதான். அவர்ட வித்தையெல்லாம் உங்களுக்குத் தெரியும். பக்கத்துல இரிங்க."

சோறு முடிந்து, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது. சம்பந்தி ஒரு கை அள்ளிக் காக்கா பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்க சம்பந்தி." அவர் தம்பி தள்ளினார். அவர் மச்சான் தள்ளினார். காக்கா முன்னால் வட்டிலப்பம் மணல்மேடு மாதிரி உயர்ந்தது. அவர் கை அதை நோக்கிப் போனது.

கை அதை அள்ளவில்லை. புறங்கையால் அப்படியே என் பக்கம் ஒதுக்கியது. வாய் மட்டும் சும்மா மென்றது, தாடி ஆடியது. "நல்ல பதம், சம்பந்தி" என்றார். அவர்கள் தள்ளத் தள்ள அவர் ஒதுக்கினார், ஒதுக்க ஒதுக்க நான் தின்றேன். சாப்பாட்டில் என்னை வென்றவன் இந்தக் கரையில் கிடையாது. இருந்தும் அன்றைக்குச் சாரனைத் தளர்த்திக் கட்ட வேண்டி வந்தது.

திரைக்குப் பின்னால் நின்ற மதினியின் கண்ணில் பட்டது ஆடிய தாடியும் துடைத்த சஹனும்தான். விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு வந்தார். பிறகு, "உங்கட கால நீங்களே வெட்டிப் போட்டீங்க" என்றார், மெதுவாக.

"விடியட்டும், முருங்கைக்குக் கீழ பாரு" என்றார் காக்கா.

விடிந்ததும் நானும் போய் நின்றேன். மதினி குனிந்து பார்த்தார். உதிர்ந்த இலையைப் புரட்டிப் பார்த்தார். வெயில் ஏறும்வரை பார்த்தார். ஓர் எறும்பு இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் காக்காவைத் தனியே பிடித்தேன். "தொதலுக்காகப் புத்தளம் போன மனிசன், வட்டிலப்பத்த எப்பிடி விட்டீங்க?"

"கல்யாண வேலைக்குள்ள ஆரோ உன்ட மதினிக்குச் சீனி போட்ட தேத்தண்ணி குடுத்திட்டாங்கடா. வாயில வச்சதும் துப்பிட்டா. எனக்கு வருத்தம் கண்ட நாளையில இருந்து அவளும் சீனி தொடல்லயாம். சாவி இடுப்புல இரிக்கி, தொடல்ல." புண்ணில் உட்கார்ந்த ஈயை விரட்டினார். "அது தெரிஞ்ச பொறகு தொண்டையால இறங்குமா, சொல்லு."

பெருநாளுக்குள் புண்ணின் ஓரம் சிவந்தது, பிறகு தோல் மூடியது. டொக்டர் அழுத்திப் பார்த்து, "காலுக்குப் பயமில்ல" என்றார். "எனக்கு அது அப்பவே தெரியும்" என்றார் மதினி. அன்று காக்கா தன் கையாலேயே சீனி போட்டு மதினிக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை எழும்ப விடவில்லை.

காற்றுத் திரும்பியதும் தோணி புறப்பட்டது. பாய் புடைக்க, பின்பக்கத்தில் நின்று, சுக்கான் கட்டையை இடது காலால் அணைத்தபடி காக்கா போனார். வெயிலுக்குக் கண் கூசுகிறது என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லித் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கு வானம் முழுக்க மேகம்.