வெண்ணெய் போல மூடும் துப்பாக்கி

ஒரே ஒரு மலைச்சரிவிலே, ஒரே ஒரு பண்ணைவீட்டிலே, ஓட்வார் என்று ஒருத்தன் இருந்தானாம். அவன் இருந்தால் அவனுக்கு மேலே ஒருத்தி இருக்கத்தானே வேண்டும்? இருந்தாள். அவன் பெண்டாட்டி, பேர் போர்கில்ட்.

மூஸ் மான் வேட்டைக் காலம் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் பண்ணைக்கு ஒரு ஆள் துப்பாக்கியோடு காட்டுக்குப் போகலாம். இந்தப் பண்ணையிலிருந்து போகிறவள் போர்கில்ட். வேட்டைக் குடிலில் அத்தனை பேருக்கும் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் வேகவைக்கிறவன் ஓட்வார்.

இந்த வருஷம் கரண்டியைத் தொடுவதில்லை என்று அவன் சபதம் போட்டான். போட்ட கையோடு ஒரு துப்பாக்கியும் வாங்கிவந்தான். போரில் தோற்ற ஜெர்மன் பட்டாளம் விட்டுவிட்டுப் போனது. பிறகு எவனோ ஒரு புண்ணியவான் குழலை அறுத்து, கட்டையைச் சீவி, அதன் தலையில் ஒரு தூரக்கண்ணாடியைத் திருகியிருந்தான்.

"இது துப்பாக்கியா, மாட்டுக்கொட்டகைத் தாழ்ப்பாளா?" என்றாள் போர்கில்ட்.

"பட்டாளத்துச் சாமான்! டாங்கி ஏறினாலும் உடையாது."

"பட்டாளத்துல இருந்த வரைக்கும் சரி. அப்புறம் எவனோ கொத்துபரோட்டா போட்டிருக்கானே! குண்டு முன்னாடி போகாம பின்னாடி வந்து உன் மூக்கைக் கூட்டிட்டுப் போயிட்டா?"

"என் மூக்கை நான் பாத்துக்கறேன்."

"இத்தனை வருஷமா அதைப் பாத்துட்டிருக்கறது நான்!"

ஓட்வார் முறைத்தான். அவள் சட்டென்று குரலை இறக்கினாள்.

"சரி, சண்டை வேணாம். தோர்கைல்கிட்ட கேஜ் இருக்கு. அது சொல்றபடி நடப்போம். சம்மதமா?"

தோர்கைல் வேட்டைக் குழுவின் தலைவர். வருஷாவருஷம் எல்லாருடைய துப்பாக்கியையும் சோதிக்கிறவர். அவருடைய கேஜ், தோட்டா வடிவில் ஒரு இரும்புத் துண்டு. தோட்டா உட்காரும் அறையில் அதை வைத்து, பின்னாலிருக்கும் தாழ்ப்பாள் போன்ற போல்ட்டை மூடிப் பார்ப்பார்.

ஓட்வாருக்கு உச்சி குளிர்ந்தது. வாரம் முழுக்க அந்த போல்ட்டுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்தவன் அவனல்லவா!

"சம்மதம்! வெண்ணெய் மாதிரி மூடும் பாரு."

"மூடிடுச்சுன்னா?"

"மூடிடுச்சுன்னா பேச்சு முடிஞ்சுது. அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"தோர்கைல் முன்னாடி சொல்லுவியா?"

"ஊர் முன்னாடியே சொல்லுவேன்!"

தோர்கைல் வந்தார். மேசையில் சூடான வாஃபிளும் காப்பியும். ஓட்வார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாக்கை இன்னொரு தரம் சொன்னான். தோர்கைல் போர்கில்டைப் பார்த்தார். அவள் காப்பிக் கோப்பையைப் பார்த்தாள்.

துப்பாக்கி காலிதான் என்று உறுதிசெய்துகொண்டு, அவர் கேஜை உள்ளே வைத்தார். "நீயே மூடு. ரெண்டு விரலால. அழுத்தாதே."

லொடக். வழுக்கிக்கொண்டு மூடியது.

"வெண்ணெய்!" என்று குதித்தான் ஓட்வார். "பாத்தியா போர்கில்ட்?"

"பாத்தேன். நல்ல வெண்ணெய்."

தோர்கைல் வாஃபிளைக் கீழே வைத்தார். "ஓட்வார், இந்தக் கேஜ் தோட்டாவை விட ஒரு முடியளவு நீளம். நல்ல துப்பாக்கி இதுமேல மூடவே மூடாது. பாதியில நின்னுடும். மூடிச்சுன்னா உள்ளே தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். இதைச் சுட்டா தோட்டா பின்பக்கம் கிழிஞ்சு நெருப்பு உன் கண்ணுக்கு வரும்."

ஓட்வார் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான். "உனக்கு இது தெரியுமா?"

"அப்பா சின்ன வயசுலயே சொல்லிக்குடுத்தாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நான் சொன்னா நீ கேப்பியா?"

அவன் வாயைத் திறந்தான். அவள் விரலை உயர்த்தினாள். அவன் மூடிக்கொண்டான். அதுவும் வெண்ணெய் போலத்தான் மூடியது.

போல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தோர்கைல் போனார்.

திங்கட்கிழமை விடிந்தது. போர்கில்ட் தன் துப்பாக்கியைத் தோளில் மாட்டினாள். "உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடு," என்று சொல்லிவிட்டுக் காட்டைப் பார்த்து நடந்தாள்.

ஓட்வார் கரண்டியைத் தோளில் சாத்திக்கொண்டு அவள் பின்னால் போனான். அதை யாரும் சோதிக்கவில்லை.