ரெண்டு மாசம் பொறுங்க

படம் எடுக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. படம் எடுக்கப் போகிறவர்கள் என்று அதைவிடப் பெரிய இனம் ஒன்று உண்டு. முதல் இனத்தைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இரண்டாவது இனத்துக்காக வந்திருக்கிறேன்.

இவர்களை எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? வெகு சுலபம். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், யாரையும் குறிப்பிட்டுப் பார்க்காமல், ஒரு கேமரா வாங்கலாம் என்று இருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மூன்று பேர் தேநீரைக் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் கோப்பையைக் கீழே வைப்பார். நாற்காலியின் நுனிக்கு வருவார். எதற்கு என்பார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள், அறைக்குள் எடுப்பீர்களா வெளியில் எடுப்பீர்களா, ஆட்கள் ஓடுவார்களா உட்கார்ந்திருப்பார்களா, பேச்சு உண்டா, உண்டென்றால் பேசுகிறவர் கிசுகிசுப்பவரா கத்துகிறவரா என்றெல்லாம் விசாரித்து, கேமராவுக்குள் இருக்கும் சென்சார் சின்னதாக இருந்தால் என்ன கெடும், லென்ஸ் பெரிதாக இருந்தால் எது ஒடியும், முகம் தெளிவாகவும் பின்னால் இருக்கும் மரம் மங்கலாகவும் தெரிவதில் என்ன தத்துவம் அடங்கியிருக்கிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கி, நீங்கள் கடையைப் பார்த்து ஓடத் தயாராகும்போது, குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார்.

"ஆனா இப்ப வாங்காதீங்க. ரெண்டு மாசம் பொறுங்க. புதுசு வருது."

அவ்வளவுதான். ஆள் அகப்பட்டுவிட்டார்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். பிறக்கப்போகிற குழந்தையைப் படம் எடுக்க எந்தக் கேமரா நல்லது என்று அவர் ஒருநாள் ஓர் ஆளிடம் கேட்டுவிட்டார். அந்த ஆள் பொறுக்கச் சொன்னார். பொறுத்தார். குழந்தை பொறுக்கவில்லை. அது இப்போது தானே பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. டாக்டர் இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறார். அந்த யோசனையைச் சொன்ன ஆள் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி.

என் மைத்துனரை நான் குறை சொல்ல மாட்டேன். காப்பீட்டு அலுவலகத்தில் நல்ல வேலை, வெற்றிலை பாக்கு முதல் எந்தப் பழக்கமும் கிடையாது, பெரியவர்களிடம் மரியாதை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிவிட்டு கேமரா, லென்ஸ், மைக் என்று ஒப்பிட உட்கார்ந்துவிடுவார், அது ஒன்றுதான். அவர் வீட்டுக்கு எதிரே ஒரு செங்கல் சுவர் இருக்கிறது. லென்ஸின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்கச் செங்கல் சுவரைப் போல் உத்தமமான பொருள் உலகத்தில் இல்லையாம். பதினோரு லென்ஸ் வழியாக அதைப் படம் எடுத்திருக்கிறார். எத்தனை வரிசை, எத்தனை செங்கல், எது மூளி என்பது கட்டிய கொத்தனாருக்கு மறந்துபோயிருக்கும். இவருக்கு மறக்காது.

மைக்குக்குச் சுவர் உதவாது அல்லவா? அதற்கு அவருடைய மனைவி. அவர் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர். இரண்டு மைக்குக்கு நடுவில் அவரை உட்கார வைத்து ஏதாவது பேசச் சொல்வார் நம்மாள். முதல் வருஷம் ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லிப் பார்த்தார் அந்த அம்மாள். இரண்டாவது வருஷம் வாய்ப்பாடு சொன்னார். மூன்றாவது வருஷத்திலிருந்து, கணவர் தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் நேரம் இது ஒன்றுதான் என்பது உறைத்து, வீட்டு விஷயங்களை மைக்கிடம் சொல்ல ஆரம்பித்தார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று இடப்பக்கத்து மைக்கில் ஒரு தடவை, வலப்பக்கத்து மைக்கில் ஒரு தடவை. நம்மாள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். திரும்பக் கேட்டார். முகமெல்லாம் மலர்ந்தது.

"வலது மைக்ல 'ழ' எவ்வளவு சுத்தமா வருது பாத்தியா?"

குழாய் ஒழுகிக்கொண்டேயிருக்கிறது.

ஒரு தடவை, எடுக்கப் போகும் படத்தின் கதை என்ன என்று கேட்டேன். நான் கேட்டது ஏதோ சம்பந்தமில்லாத கேள்வி என்பதுபோல் பார்த்தார். கதை இருக்கிறதாம். லென்ஸ் முடிவானதும் சொல்வாராம்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மனைவி ஒரு வேலையை ஒப்படைத்தாள்.

அவளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் இருக்கிறது. முப்பத்தெட்டு வயதில், யாரும் பார்க்காத காலை நேரமாகப் பார்த்து, அவள் அங்கே தனியாகச் சைக்கிள் பழகினாள். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன், வரக்கூடாது என்றுவிட்டாள். பிறகு அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள், அவளைப் பார்த்து இரண்டு பேர். இப்போது பதினான்கு பெண்கள். எல்லோரும் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், விழுந்தால் நாலு பேர் சிரிப்பார்களே என்று இத்தனை வருஷம் சைக்கிள் பக்கமே போகாதவர்கள். அந்த வகுப்பில் என் பங்கு பஞ்சர் ஒட்டுவது மட்டும்தான். என் மனைவி தானாக, தனியாக உண்டாக்கியது அது ஒன்று. அதனால்தான் மைதானத்தைக் கார் நிறுத்துமிடம் ஆக்கப்போகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டிய அன்று அவள் சாப்பிடவில்லை.

நோட்டீஸின் அடியில் ஒரு வழி இருந்தது. மைதானத்தைப் பயன்படுத்துகிறவர்கள் எதற்காக அது வேண்டும் என்பதை மூன்று நிமிடத்துக்குள் வீடியோவாக எடுத்து நகராட்சிக்கு அனுப்பலாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. என் செல்போனிலேயே எடுத்துவிடலாமே என்றேன்.

"தம்பி எத்தன வருஷமா கேமராவப் பத்தியே பேசறான். ஒரு தடவயாவது எடுக்கட்டுமே," என்றாள்.

அக்கா அல்லவா?

திங்கட்கிழமை சொன்னோம். செவ்வாய்க்கிழமை நம்மாள் ஒரு பட்டியல் கொண்டுவந்தார். நெடுக்கில் கேமராக்கள், குறுக்கில் குணங்கள், கட்டத்துக்குக் கட்டம் மதிப்பெண். புதன்கிழமை காலர் மைக்கா, நீட்டிப் பிடிக்கும் மைக்கா என்று தர்க்கம். எதிர்த்துப் பேச ஆளில்லாததால் இரண்டு கட்சியையும் அவரே பேசினார். வியாழக்கிழமை திருத்திய பட்டியல் வந்தது. அதில் முதலிடம் பிடித்த கேமரா இன்னும் கடைக்கே வரவில்லை. ரெண்டு மாதம் தள்ளி வைக்கச் சொல்லி நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நான் அவர் அக்கா இருக்கும் திசையைக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஐந்து பைகளோடு மைதானத்துக்கு வந்து இறங்கினார். காற்றுச் சத்தம் விழாமல் இருக்க மைக்குக்குப் போடும் சாம்பல் நிற ரோமச் சட்டையை எடுத்து வைத்தார். பெண்கள் அதைப் பூனை என்று நினைத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போனார்கள். இனி நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். இந்த இனத்தால் மட்டுமே செய்ய முடிந்த தவறு இது.

படம் பதிவாகும்போது கேமராவில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களின் கண்ணாடியில் அந்தச் சிவப்பு தெரிகிறது என்று முன்பு ஓர் ஒப்பீட்டில் கண்டுபிடித்து, விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார் நம்மாள். பதிவாகிறது என்று திரையின் மூலையில் வரும் எழுத்தையும், காட்சி சுத்தமாகத் தெரியட்டும் என்று அணைத்து வைத்திருந்தார். ஆக, கேமரா ஓடுகிறதா தூங்குகிறதா என்பது கேமராவுக்கு மட்டும்தான் தெரியும். தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் பொத்தான் ஒன்றே. ஒரு தடவை அமுக்கினால் ஓடும், மறு தடவை அமுக்கினால் நிற்கும். பையிலிருந்து எடுக்கும்போதே கட்டை விரல் அதன் மேல் பட்டுவிட்டது.

அப்புறம் என்ன? ஸ்டார்ட் என்று சொல்லி அமுக்கினார், நின்றது. கட் என்று சொல்லி அமுக்கினார், ஓடியது.

ஏழு தடவை ஸ்டார்ட். ஏழு தடவையும் என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்று, மாண்புமிகு அதிகாரிகளே என்று ஆரம்பித்து, ரயில் நிலைய அறிவிப்புப்போல் ஒப்பித்தாள். ஒவ்வொரு கட்டுக்குப் பிறகும் நம்மாள் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, லென்ஸைத் துடைப்பதும் பூனையைக் கழற்றி மாட்டுவதுமாக இருந்தார். மாணவிகள் காத்திருக்கிறார்களே என்று என் மனைவி, காலரில் மைக் இருப்பதையும் மறந்து, அந்த இடைவேளைகளில் பாடம் நடத்தப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில், அன்று லீவு போட்டிருந்த அவர் மனைவியும் சேர, நாங்கள் நாலு பேரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தோம். முதல் காட்சியில் பையின் ஜிப், வானம், நம்மாளின் மூக்குத் துவாரம். இரண்டாவதில் அவருடைய செருப்பு. மூன்றாவதில் இன்னும் விவரமாக, அதே செருப்பு. மாண்புமிகு அதிகாரிகளைக் காணவே காணோம்.

நம்மாள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. "ஒண்ணுமே வரலக்கா," என்றார். வருஷக்கணக்காக அவருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த குத்தல் பேச்சு ஒரு மூட்டை இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மறுபடி எடுக்க வழியில்லை. என் மனைவி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வந்ததை முழுக்கப் போடு என்றாள்.

நாலாவது காட்சி. பூனையை மாட்டுவதற்காக நம்மாள் காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பியிருக்கிறார், அதனால் வயிற்றில் தொங்கிய கேமரா மைதானத்தைப் பார்த்திருக்கிறது. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சைக்கிள் மேல் வங்கியில் காசாளராக இருக்கும் அம்மாள், வயது ஐம்பத்திரண்டு, பதினோரு வாரமாக இருக்கையை விடவே விடாதீர்கள் என்று கெஞ்சுகிறவர். பின்னால் என் மனைவி பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். காலர் மைக்கில் அவள் மூச்சு வாங்குவது பக்கத்தில் இருப்பதுபோல் கேட்கிறது.

"சக்கரத்தப் பாக்காதீங்க. தூரத்துல பாருங்க."

"புடிச்சிருக்கீங்கல்ல?"

"புடிச்சிருக்கேன்."

அப்படிச் சொல்லும்போது படத்தில் அவள் இரண்டு கைகளும் காற்றில் இருக்கின்றன.

சைக்கிள் போகிறது. ஆடுகிறது, நிமிர்கிறது, மைதானத்தின் கடைசிக்குப் போய் வளைகிறது. அங்கேயிருந்து காசாளர் அம்மாளின் குரல் மெல்லிசாக வருகிறது, பிடித்திருக்கிறீர்கள்தானே என்று. என் மனைவி நின்ற இடத்திலேயே நிற்கிறாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். அத்தனை தூரத்துக்குக் கேட்கவே கேட்காத குரலில், மைக்குக்கு மட்டும் கேட்கும் குரலில், "புடிச்சிருக்கேன்," என்கிறாள். அவள் அழுவதும் சிரிப்பதும் ஒரே மூச்சில் பதிவாகியிருந்தது. காசாளர் அம்மாள் முழுச் சுற்று முடித்துத் திரும்பி வந்து, எதிரே நிற்பவளைப் பார்த்து, யார் தன்னைப் பிடித்திருக்கிறார்கள் என்று யோசித்துக் கீழே இறங்கும்போது ஸ்டார்ட் என்று ஒரு சத்தம். காட்சி நின்றது. மூன்று நிமிடத்துக்குப் பதினோரு விநாடி குறைவு.

சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. நம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரையின் மூலையை விரலால் தொட்டார்.

"ஓரம் கொஞ்சம் சாஃப்ட்டா இருக்கு," என்றார்.

சாய்வை நிமிர்த்துகிறேன், நிறத்தைக் கூட்டுகிறேன், நாலு விதமாகச் செய்து ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பலாம் என்று ஆரம்பித்தவரின் கையிலிருந்து மவுஸை அவர் மனைவி மெதுவாக வாங்கினார். இரண்டு தடவை தட்டினார். "அனுப்பியாச்சு அண்ணி," என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுக் குழாய் ரிப்பேர்காரருக்கும் அப்போதே போன் செய்தார்.

மைதானம் கிடைத்துவிட்டது. காலை எட்டு மணி வரை சைக்கிள், அதற்குப் பிறகு கார். விஷயத்தைச் சொல்ல நகராட்சியிலிருந்து போன் செய்த அம்மாள் பேசி முடித்தும் வைக்காமல் தயங்கி, நாற்பது வயதுக்காரர்களைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டாராம். இப்போது பதினைந்து பேர்.

நம்மாள் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அன்றைய வெற்றிக்குக் காரணம் என்ன என்று தீவிரமாக ஆராய்ந்தார். கேமரா கழுத்தில் சரியான உயரத்தில் தொங்கியதுதான் காரணம் என்று முடிவுக்கு வந்தார். இப்போது கழுத்துப் பட்டைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்பது பட்டை. செங்கல் சுவருக்கு முன்னால் ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு நடக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் அதுதான் வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். சைக்கிள் மைதானக் கடைசியில் வளைந்து, என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளே, அந்த இடத்தில் உங்கள் மனதின் ஒரு மூலை, அவ்வளவு தூரத்தையும் எடுத்ததே, அது என்ன கேமரா என்று கேட்கவில்லை? மூச்சு வாங்குவதைக்கூட விடாது போலிருக்கிறதே, அது என்ன மைக் என்று துளி நினைக்கவில்லை? பெயரை எங்கேயாவது சொல்லியிருப்பானோ என்று இரண்டு பத்தி மேலே போய்ப் பார்த்துவிட்டு வரவில்லை?

பார்த்தீர்கள் அல்லவா? வாருங்கள், நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பெயர், நம்பர் எல்லாம் எனக்கு மனப்பாடம், காதோடு சொல்கிறேன்.

ஆனால் இப்போது வாங்காதீர்கள். ரெண்டு மாசம் பொறுங்க.