ஸ்டெல்லாவுக்கு விருச்சிக ராசி

அப்போதெல்லாம் சனிக்கிழமை விடிந்தால் போதும், ஐயம்பேட்டை மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ நகராது. முன்னால் மாடு, பின்னால் மாடு, நடுவில் ஹாரன். எல்லாம் ரிஷபானந்தர் பீடத்துக்கு ராசி பார்க்கப் போகிற மாடுகள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி. மாகறலிலிருந்து வந்த ஒரு எருமைக்குக் கொம்பில் பட்டு ரிப்பன் வேறு. ஓட்டி வந்தவர்கள் முகத்தில் மகளுக்கு வரன் பார்க்க வந்த படபடப்பு.

மாட்டுக்கு ஏது ராசி என்கிறீர்களா? எல்லாம் ஒரு மைக் செய்த வேலை. கால்நடை முகாமுக்கு வந்த டாக்டர் நிரஞ்சனா, "பால் கூடணும்னா மாட்டுக்கு ரேஷன் பேலன்ஸ் பண்ணணும்" என்று சொன்னார். மைக் கரகரத்தது. பாதி ஊர், மாட்டுக்கும் கார்டில் அரிசி கொடுக்கிறார்கள் என்று ரேஷன் கடைக்கு ஓடியது. அங்கே திட்டு வாங்கித் திரும்பியதும் சின்னப்பையன் என்கிற பெரியவருக்கு ஞானம் பிறந்தது.

"அது ரேஷன் இல்லபா, ராசி! ராசி பேலன்ஸ்! துலா ராசிக்குத் தராசு போட்டுருக்குது பாரு, அதான் பேலன்ஸு!"

டாக்டரையே ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்னாவது?

ஊரில் இப்படி ஒரு தேவை பிறந்தால் அதற்கென்று ஒரு சாமியும் பிறப்பார். ரிஷபானந்தரின் பழைய பெயர் இளவரசன். போன தீபாவளி வரை பெரிய காஞ்சிபுரத்தில் வெளியூர்க் கார்களை மறித்து, "வாங்கம்மா, நேரா தறியிலருந்து வர்ற சரக்கு" என்று புடவைக் கடைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தவர். காரிலிருந்து இறங்கும்போதே யார் ஏமாறுவார் என்று அளக்கிற கண். அந்தக் கண்ணோடு ஒரு தாடியும் சேர்ந்தது. பீடம் தயார்.

வழிபாட்டு முறை சுலபம். பன்னிரண்டு கூடைகளில் தவிடு. கூடைக்கு ஒரு ராசிப் பலகை. மாடு எந்தக் கூடையில் வாய் வைக்கிறதோ அதுதான் அதன் ராசி. அதற்குமுன் சாமி கூடைகளைத் தொட்டு ஆசீர்வதிப்பார். பதினொன்றை இடக்கையால்; ஒன்றை மட்டும் செம்புத் தீர்த்தத்தில் நனைத்த வலக்கையால். மற்ற நேரமெல்லாம் அந்த வலக்கை பட்டுத் துண்டுக்குள். சக்தி ஒழுகிவிடக் கூடாதாம். துண்டைச் சுற்றி எப்போதும் ஈ மொய்க்கும். "ஈகூட கும்பிடுது பாரு!" என்று பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நல்ல ராசி வந்தால் 'ராசித் தீவனம்' மூட்டை வாங்க வேண்டும். விருச்சிகம் வந்தால் மாடு அந்த வீட்டில் இருக்கவே கூடாது; வாசல் மாற வேண்டும். வாசல் மாற்றித் தர மாட்டுத் தரகர் பழனி குட்டியானை லோடு வண்டியோடு ஓரமாகத் தயாராக இருப்பார். பழனி சாமியின் மச்சான். என்ன பொருத்தம்! ஆள் பலம் இல்லாத வீடாகப் பார்த்து, நல்ல கறவை மாடாகப் பார்த்துத்தான் விருச்சிகம் வந்தது. கிழட்டு மாடு ஒன்றுக்காவது வர வேண்டுமே? வராது. கிரகங்களுக்கும் பல் பிடித்துப் பார்க்கத் தெரியும் போலிருக்கிறது.

எங்கள் எதிர்வீட்டு லில்லிக்கு இருப்பது ஸ்டெல்லா என்கிற ஒரே பசு. அதன் பாலில்தான் மகள் திரிஷா நர்சிங் படிக்கிறாள். இந்தத் தடவை கன்று போட்டபின் பால் முன்போல் இல்லை. லில்லி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அழுதாள், சனிக்கிழமை பீடத்தில் அழுதாள். ஸ்டெல்லா ஆடி அசைந்து போய் விருச்சிகக் கூடையில் வாய் வைத்தது.

"அடுத்த சனிக்குள்ள வாசல் மாத்திடும்மா. இல்லன்னா பொண்ணு படிப்புக்கே ஆவாது" என்றார் சாமி.

பழனி கயிற்றை அப்போதே தடவிப் பார்த்தார்.

மறுநாள் லில்லி, தீவனக் கடை கனகமாலாவிடம் போய் மூக்கைச் சிந்தினாள். கனகமாலா, அந்தக் கடையை ஆரம்பித்த அஜிதநாத நயினாரின் மகள். புண்ணாக்கோடு புத்தியும் சேர்த்து விற்பாள். வாங்கத்தான் ஆள் இல்லை. நான் தவிடு வாங்கப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் மாடு இல்லை, அது வேறு விஷயம்.

"அக்கா, அத்த வித்துட்டா நான் எதக்கா கறப்பேன்?"

"அழாத. நானும் ரொம்ப நாளா யோசிச்சிக்கினுதான் இருக்கேன். மாடே இல்லாத மனுசன் அந்த சாமி, டின் டின்னா வெல்லப்பாகு வாங்கினு போறாரு. என்னாத்துக்கு? சனிக்கிழம நானும் வர்றேன்."

அடுத்த சனி. கூட்டம் நெரிந்தது. பழனி வண்டியின் பின்கதவைத் திறந்தே வைத்திருந்தார். கடைசியாக ஒருமுறை ராசி பார்க்கணும் என்று லில்லி கெஞ்ச, சாமி பெரிய மனதோடு கூடைகளைத் தொட்டு முடித்தார். உடனே கனகமாலா உள்ளே புகுந்து விருச்சிகப் பலகையைப் பிடுங்கி மேஷக் கூடையில் வைத்தாள். மேஷத்தை விருச்சிகத்தில் வைத்தாள்.

"யம்மா! இன்னா பண்ற?"

"பலகையத்தான் சாமி மாத்தினேன். ராசி மாட்டுக்குள்ளதான இருக்குது? அது தேடினு போவட்டும்."

ஸ்டெல்லா பழைய கூடைக்கே போனது. இப்போது அதன் பெயர் மேஷம்.

கூட்டம் முணுமுணுத்தது. சாமி அசரவில்லை. "கிரகப் பெயர்ச்சி! இப்பத்தான் நடந்துச்சு!" என்று கத்தினார்.

நம்புவீர்களா, நாலு பேர் கும்பிட்டார்கள். "கனகமாலாவுக்கு வியாபாரம் படுத்துச்சுல்ல, அந்த வயித்தெரிச்சல்" என்றார் சின்னப்பையன்.

"சரிபா, கூடையே வேணாம். அத்தினியும் அந்தாண்ட எடு. லில்லி, கயித்த வுடு. சாமி, துண்ட மட்டும் எடுங்க" என்றாள் கனகமாலா.

"அது சக்தி…"

சாமி முடிப்பதற்குள் அவள் துண்டை உருவிவிட்டாள். ஸ்டெல்லா தலையைத் தூக்கி மோந்தது. நேரே சாமியிடம் போய் வலக்கையை நக்கத் தொடங்கியது. சாமி கையை மேலே தூக்கினார்; ஸ்டெல்லா முழங்கையை நக்கியது. சாமி ஓடினார், ஸ்டெல்லாவும் ஓடியது. பின்னாலேயே பட்டு ரிப்பன் எருமையும்.

கனகமாலா செம்பில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். "என் கடை வெல்லப்பாகுதான். தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி."

"யோவ், சாமிக்குக் கைராசிடா!" என்று எவனோ கத்த, வந்த சிரிப்பில் பழனியின் வண்டி கிளம்பிய சத்தமே கேட்கவில்லை. மச்சானை ஏற்றிக்கொள்ளக்கூட அவர் நிற்கவில்லை.

அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள் லில்லி.

"ராசியா? ரேஷன்மா, ரேஷன்! ஒரு நாளைக்கு மாட்டுக்குப் போடற தீனி. வெறும் வைக்கோல் போட்டா எப்படி? பசும்புல், தவிடு, புண்ணாக்கு, தாது உப்பு எல்லாம் அளவா கலந்து போடணும். அதுதான் பேலன்ஸ். அன்னிக்கே ஏன் கேக்கல?"

ஆளாளுக்குத் தங்கள் மாட்டுக் கயிற்றைத் தேடினார்கள்.

ஸ்டெல்லாவுக்கு இப்போது வைக்கோலோடு மற்றதும் கிடைக்கிறது. பால் ஏறிவிட்டது. திரிஷா காலேஜ் பஸ்ஸில் போகிறாள். சின்னப்பையன் மட்டும், "இருந்தாலும் அந்த ஈங்க கும்பிட்டது நெசந்தான்பா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் எதிர்வீட்டு வாசலில் ஸ்டெல்லா படுத்திருக்கும். காலையில் விழுங்கியதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து, நிதானமாக அசைபோடும். மாடு அது, அதற்கே தெரிகிறது. நமக்குத்தான் விழுங்க மட்டும் தெரிகிறது.