கன்னத்தில் வைத்த கை

"நாப்பதாயிரம் சார்."

நேற்று மெயிலில் தைரியமாக எழுதிய தொகையை டிசைனர் நேரில் சொல்லி முடித்ததும், செருப்புக் கடை முதலாளி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். இவர் தொகையைக் கேட்டே கவிழ்ந்துவிட்டார்.

வீட்டில் மனைவி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "எப்பவும் போல நீங்களே கொறச்சுக்கிட்டு வந்தீங்கன்னா, திங்கக்கிழமையே எங்கண்ணன் ஆபீஸ்ல சேர்ந்துடணும், ஆமா!"

மச்சான் ஆபீசில் தும்முவதற்குக்கூட லீவு லெட்டர் எழுத வேண்டும். அந்தப் பயத்தில் டிசைனர் விளக்கத் தொடங்கினார்.

"கடையோட பெயர்ப்பலகை, செருப்புப் பெட்டி, பை எல்லாத்துக்கும் டிசைன் சேர்த்துதான் சார். எழுத்தைக்கூட கையாலேயே வரைவேன்."

"ம்ம்ம்" என்றார் முதலாளி. கன்னத்திலிருந்து கை இறங்கவில்லை. கண்ணோரம் நீர்கூடக் கோத்திருந்தது.

ஐயோ, பெரிய மனுஷனை அழ வைத்துவிட்டோமே!

"முப்பத்தஞ்சு?"

முதலாளி வேகமாகத் தலையாட்டி மறுத்தார்.

"சரி, முப்பது. விசிட்டிங் கார்டும் சும்மா போட்டுத் தர்றேன்."

முதலாளி இன்னொரு கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்தார்.

"இன்னும் அஞ்சு கொறைக்கணுமா? இருபத்தஞ்சு!"

முதலாளி மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பேனாக்கள் குதித்தன. டிசைனரும் குதித்தார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவிதான். எடுக்கத் தைரியம் வரவில்லை.

"இருபது சார்! பலகையை நானே ஏணி வச்சு ஏறி மாட்டித் தர்றேன். கோவப்படாதீங்க!"

முதலாளி நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். ஏணி ஏறிய கையோடு கடையையும் கழுவித் துடைக்கிறேன் என்றும் சொல்லிவிடலாமா என்று டிசைனர் யோசித்தார்.

அப்போது கணக்குப் பார்க்கும் அம்மா, மாத்திரையும் தண்ணீரும் ஒரு கவருமாக உள்ளே வந்தார். முதலாளி பரிதாபமாகக் கவரைச் சுட்டிக் காட்டினார்.

"காலையில கடவாப்பல்லு ரெண்டு எடுத்திருக்கு சார், சாயங்காலம் வரைக்கும் ஐயா வாயைத் திறந்து பேசக் கூடாது" என்றார் அந்த அம்மா. "நீங்க மெயில்ல கேட்ட நாப்பதுக்கு நேத்தே செக் போட்டு வச்சுட்டாரு. இப்ப அதைக் கிழிச்சிட்டு இருபதுக்கு எழுதட்டுமா?"