இரண்டு முன்வாசல் பந்தல்

ஒரு காட்டில் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இந்தக் கதைக்கு ஒரு காடு போதாது. மேல்காடு, கீழ்காடு என்று இரண்டு காடுகள். நடுவில் ஒரு பக்கம் தேயிலைத் தோட்டம், மறுபக்கம் மின்வேலி போட்ட சொகுசு விடுதி. இரண்டுக்கும் இடையே, யானை ஒடுங்கி நடந்தால் போகக்கூடிய ஒரே ஒரு பாதை.

மேல்காட்டில் பொன்னுருவி என்றொரு யானை இருந்தாள். அவளுடைய தங்கை செல்லக்கிளி கீழ்காட்டில் இருந்தாள். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், அவளும் மூன்று டன். செல்லக்கிளிக்கு இது தலைப்பிரசவம். பிரசவம் என்றால் அக்கா பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது யானை வீட்டு வழக்கம். ஒருநாள் காலையில் மரத்துக்கு மரம் தாவி வந்த மந்தி, "அக்கா, தங்கச்சிக்கு வலி எடுத்துருச்சுங்க. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்குது" என்றது. பொன்னுருவி வாயிலிருந்த மூங்கிலைத் துப்பிவிட்டு ஓடினாள்.

பாதையில் பந்தல் போட்டிருந்தது.

இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சுற்றிப் போக ஒரு முயலுக்குக்கூட இடம் விடாத பந்தல். மேலே பேனர்: 'யானைகள் தடையின்றிச் செல்ல வழிகாணும் இரு காடுகள் கூட்டு மாநாடு'.

மாநாட்டுக்கு இணைத்தலைவர்கள் மேல்காட்டு நரியாரும் கீழ்காட்டுக் கரடியாரும். நரியார் கீழ்காட்டுக்குப் போனால் கௌரவம் குறைந்துவிடும். கரடியார் மேல்காட்டுக்கு வந்தால் மானம் போய்விடும். இரண்டு பேருக்கும் பொதுவான இடம் இந்தப் பாதை ஒன்றுதான் என்பதால் அங்கேயே பந்தல். அதிலும் முன்வாசல் யார் பக்கம் என்று அடிதடி வரப் பார்த்தது. கடைசியில் இரண்டு பக்கமும் முன்வாசலே என்று ஏகமனதாக முடிவாயிற்று.

முன்வாசல் என்றால் குலை தள்ளிய வாழைமரம் கட்டாமல் இருக்க முடியுமா? மேல்காட்டார் ஒரு ஜோடி கட்டினார்கள். கீழ்காட்டார் விடுவார்களா, இரண்டு ஜோடி கட்டினார்கள். இப்படியே போட்டி முற்றி, பந்தல்கால் ஒன்று விடாமல் வாழை. யானைக்கு வழி காண வந்த அத்தனை அறிவாளிகளில், யானை என்ன தின்னும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வருகிறது. சரி, கதைக்கு வருவோம்.

"அய்யா, கொஞ்சம் வழி விடுங்க" என்றாள் பொன்னுருவி மூச்சு வாங்க.

நரியார் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "வாங்க அம்மணி! உங்களுக்காகத்தான் இந்த மாநாடே. டோக்கன் வாங்கிட்டீங்களா?" என்றார்.

"டோக்கன் எதுக்குங்க? நான் அந்தப் பக்கம் போகணும்."

"அதைத்தான் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசப்போறோம். தலைப்பே, 'யானை ஏன் அந்தப் பக்கம் போகிறது?'"

"தங்கச்சிக்குப் பிரசவம், அதான் போறேன்."

"அட, நீங்களே சொல்லிட்டா அப்புறம் நிபுணர் என்னத்தப் பேசுவாரு?"

சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். அது அவளுடைய ஒரு காதை மட்டும் மூடியது. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து செல்லக்கிளி பிளிறும் சத்தம் கேட்டது. "வாழ்த்தொலி எழுப்பும் கீழ்காட்டு மக்களுக்கு நன்றி!" என்று கரடியார் மேடையில் கைகூப்பினார்.

பொன்னுருவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு அழுகை வந்தால் கூடவே பசியும் வரும். பேசுகிறவர்கள் பேசட்டும் என்று பக்கத்திலிருந்த வாழையை இழுத்தாள். வாழையோடு பந்தல்காலும் வந்தது. அழுதுகொண்டே அடுத்ததை இழுத்தாள்.

அந்தப் பக்கம் செல்லக்கிளியும் அக்காவைத் தேடிப் பாதைக்கு வந்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி வாயில் எச்சில் ஊற, அவளும் அந்த முனையிலிருந்து தின்ன ஆரம்பித்தாள். வரவேற்புரை முடிவதற்குள் கூரை மொத்தமும் பிரமுகர்கள் தலையில் இறங்கியது.

நடுவில், சிவப்புக் கம்பளத்தின்மேல், இரண்டு தும்பிக்கைகள் பின்னிக்கொண்டன.

"வந்துட்டியா அக்கா!"

"நான் எங்கடி வந்தேன்? தின்னுக்கிட்டே இருந்தேன், நீ நிக்கிற."

மேடை இருந்த இடத்திலேயே குட்டி பிறந்தது. பொன்னாடையால்தான் துடைத்தார்கள். நல்ல துணி, நன்றாக ஈரம் இழுத்தது.

சரிந்த பந்தல் துணிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்த நரியாரும் கரடியாரும் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தீர்களா? "இரு காடுகளும் இணைந்தன! மாநாடு மாபெரும் வெற்றி!" என்று அறிவித்தார்கள். உடனே குட்டி எந்தக் காட்டுக்குச் சொந்தம் என்று சண்டை மூண்டது. அதைப் பேசித் தீர்க்க அடுத்த மாதம் இதே இடத்தில் இன்னொரு மாநாடு என்று முடிவு செய்தார்கள்.

குட்டியை நிமிர்த்தி நிறுத்திக்கொண்டிருந்த பொன்னுருவி திரும்பிப் பார்த்தாள்.

"தாராளமா வைங்க. வாழை கட்டுவீங்கல்ல?"

நீதி: இரண்டு காடுகளை இணைக்க விரும்பும் பெரியோர்களே, நடுவில் பந்தல் போட்டு, இரண்டு வாசலிலும் போட்டி போட்டு வாழை கட்டுங்கள். மற்றதைப் பசி பார்த்துக்கொள்ளும்.