ஆறு முயல்களும் கேணல் வீட்டுச் செலவுப்படியும்

பேர்ண்,
12.10.1986

என் மதிப்புக்குரிய அண்ணை ஸ்ரீஸ்கந்தராஜா அவர்களுக்கு,

தங்கச்சி சந்திரமதி கைகூப்பி எழுதிக்கொள்வது. உங்களுடைய முழங்கால் நோவு குறைய வேண்டும், மச்சாளுக்கு இரவில் நித்திரை வர வேண்டும், மருமக்கள் சோதினை பாஸ் பண்ண வேண்டும் என்று தினமும் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று கேட்கிறேன். எனக்கென்று ஒன்றும் கேட்பதில்லை. போன மார்கழியில் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று ஒன்றே ஒன்று கேட்டேன், அது கிடைக்கவில்லை. அன்றிலிருந்து சாமிக்கும் எனக்கும் கொஞ்சம் மனவருத்தம். உங்களுக்காகக் கதைக்கிற அளவுக்கு மட்டும் பேச்சுவார்த்தை இருக்கிறது.

உங்கள் கடிதம் கிடைத்தது. அவர் போய் வருசம் திரும்பப் போகிறது, ஆட்டத் திவசத்தோடு வந்து கொழும்பில் எங்களோடு இரு, ரிக்கற்றுக்கு ஒழுங்கு செய்கிறேன், அந்நிய நாட்டு ஆமிக்காரன் வீட்டில் நீ சட்டி கழுவிக் காலம் தள்ள வேண்டிய தேவை என்ன என்று எழுதியிருந்தீர்கள். அடியில் கோடு போட்டு, "அந்த வேலை நிலையானதோ? இல்லையென்றால் மறுகதை இல்லை, வந்துவிடு" என்றும் எழுதியிருந்தீர்கள். நிலையானதுதான் அண்ணை. நடுவில் சில கிழமை நிலையில்லாமல் இருந்தது, அதற்கும் காரணம் நான்தான், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஆமி என்றதும் பயப்பட வேண்டாம். இவர் சுடுகிற ஆமி இல்லை, தூதரகத்தில் இருந்து பேப்பர் வாசிக்கிற ஆமி. கேணல் என்று உத்தியோகப் பெயர். மனைவியை நான் மிஸிஸ் கேணல் என்று எழுதுகிறேன், நேரில் மேடம். மூன்று பிள்ளைகள். எந்த நாட்டுக்காரர் என்று வெளியில் சொல்லக்கூடாதாம், இராணுவ இரகசியம் என்று கேணல் சொல்லியிருக்கிறார். காலையில் பாணுக்கு அரைத்த கச்சான் கடலையைப் பூசித் தின்கிற நாடு என்று மட்டும் எழுதுகிறேன், மிச்சத்தை நீங்களே யோசியுங்கள். அவர்கள் இங்கிலீசில் கதைத்ததை எனக்கு விளங்கிய மட்டில் எங்களுடைய தமிழில் எழுதுவேன், கேணலுக்கு யாழ்ப்பாணத்தில் ஆரும் சொந்தமோ என்று மச்சாள் கேட்கக்கூடாது.

நீங்கள் அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்த காலத்தில் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப்படி என்று கொஞ்சம் தருவார்களே, மச்சாள் அதை எடுத்துத்தானே சீட்டுக் கட்டினா. அதே மாதிரி ஒரு படி இங்கே தூதரகத்தில் இருக்கிற இந்த ஐந்து ஆமிக் குடும்பங்களுக்கும் உண்டு. தங்கள் ஊரில் பாண் என்ன விலை, கோழி என்ன விலை, இங்கே என்ன விலை என்று வருசாவருசம் விசாரித்து, இங்கே எவ்வளவு கூடவோ அவ்வளவை அவர்களுடைய அரசாங்கம் மேலதிகமாகக் கொடுக்கும். அதனாலே, சாமான் விலை ஏறினால் ஊரெல்லாம் பேசும், இவர்கள் ஐந்து குடும்பமும் உள்ளுக்குள் சந்தோசப்படுவார்கள். இந்த வருசம் அவர்களுடைய காசு சுவிஸ் பிராங்குக்கு முன்னால் நிற்க முடியாமல் இறங்கிக்கொண்டே போய்விட்டது. மிஸிஸ் கேணல் பேப்பரைப் பார்த்துவிட்டு, "சந்திரமதி, நேற்று வாங்கின பட்டர் இண்டைக்கு இன்னும் விலை கூடிப்போச்சு" என்பா. "நேற்று வாங்கினது எப்பிடி மேடம் இண்டைக்குக் கூடும்?" என்றால், "உனக்கு இது விளங்காது, எனக்கு நெஞ்சு நோகுது" என்று போய்ப் படுத்துவிடுவா. படி கூடினால்தான் இங்கே காலம் தள்ளலாம், இல்லையென்றால் முதலில் சமையல்காரியைத்தான் நிறுத்த வேண்டும் என்று ஐந்து வீட்டிலும் இதே கதை.

இந்த வீட்டுச் சாமான் முழுக்க வாங்குவது நான். என்னுடைய அவர் ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவி வரும்போது படித்த ஜெர்மன் சொற்களில் எனக்கு இரண்டைச் சொல்லித்தந்துவிட்டுப் போனார். "வீஃபீல்" என்றால் எவ்வளவு, "சு தொயர்" என்றால் விலை கூட. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கையால் காட்டிக்கொண்டு நான் இந்தப் பட்டினத்தையே வாங்கிக்கொண்டு திரிந்தேன். சந்தை இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னாலேயே கூடுகிறது, செவ்வாயும் சனியும். அதில் திரேசா என்று ஒரு தோட்டக்காரி, வாட்டசாட்டமான மனுசி, அவர் இருந்த காலத்தில் எங்களை இருவராய்க் கண்டவள். அவர் போன பிறகு கனநாள் நான் ஒருவரோடும் வாய் திறந்து கதைக்கவில்லை, சாமானைக் காட்டுவேன், காசைக் கொடுப்பேன், வருவேன். ஒருநாள் பார்க்கிறேன், இந்தத் திரேசா முள்ளங்கி இலை, பீற்றூட் இலை, நோக்கோல் இலை எல்லாவற்றையும் முறித்து மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில் எறிகிறாள். பச்சைப்பசேல் என்று, அண்ணை! பெட்டியைக் காட்டினேன். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் காது மாதிரி வைத்து, ஒரு துள்ளுத் துள்ளி, "முயலுக்கோ?" என்று கேட்டாள். நாங்கள் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்துத் தின்ன என்று சொல்லத்தான் நினைத்தேன். பிறகு, எங்கள் சனத்தைப் பற்றிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் ஒரு கதை எழும்ப வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். எத்தனை முயல் என்றாள். பொய்யிலும் கொஞ்சம் உண்மை இருக்கட்டும் என்று ஆறு விரல் காட்டினேன். கேணல், மிஸிஸ் கேணல், மூன்று பிள்ளைகள், நான்.

அடுத்த கிழமை முயல்களுக்குப் பெயர் கேட்டாள். அந்த நேரம் வாயில் வந்தது உங்களுடைய பெயர்தான். பெரிய கிடாய் முயலுக்கு வைத்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். அவளுக்கு முழுப்பெயர் வராது, "ஸ்ரீ" என்பாள். பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒரு பை இலையைச் சும்மா தந்து, "ஸ்ரீக்கு வயித்தாலை எப்பிடிப் போகுது?" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டி விசாரிப்பாள். அதைக் கேட்டுத்தான் அண்ணை, அவர் போன பிறகு நான் முதல்தரம் சிரித்தேன். நடு வீதியில் நின்று சிரித்தேன். பிறகு, சிரித்துப்போட்டேனே என்று பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன்.

ஆவணியில் அந்த விலை விசாரிப்பு வந்தது. மற்ற நாலு குடும்பமும் லீவில் கடற்கரைக்குப் போயிருந்ததால் எல்லோருக்கும் சேர்த்து மிஸிஸ் கேணலே பதில் எழுத வேண்டியதாய்ப் போயிற்று. அவ நகத்துக்குச் சாயம் பூசிக் காயவிட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டா.

"பாண் என்ன விலை?"

"முதல்நாள் பாண் மேடம், பாதி விலை."

"அப்பிள்?"

"றோட்டுக்கரையிலை விழுந்து கிடக்கும். தோட்டக்காரனைக் கேட்டுப் பொறுக்கிறனான்."

"பிள்ளையளுக்குத் தலைமயிர் வெட்டு?"

"நான்தானே வெட்டுறன்."

"கீரை வகை?"

"அது சும்மா மேடம்."

அவ திரும்பிப் பார்க்காமல் எழுதிக்கொண்டே போனா. கோழி விலை கேட்டபோது நான் உள்ளதையும் சொல்லவில்லை. சாமான் என்ன விலை என்று ஆராவது கேட்டால், வாங்கினதிலும் பார்க்கக் கொஞ்சம் குறைத்துச் சொல்லாவிட்டால் எங்கள் சனத்துக்குச் சோறு செமிக்காது என்று உங்களுக்குத் தெரியும். நானும் கெட்டிக்காரி என்று பேர் எடுக்கக் கோழியை ஒரேயடியாய் இறக்கிவிட்டேன். எனக்கு என்ன தெரியும், நான் இறக்கியது அந்தப் பெரிய நாட்டின் படிக்காசை என்று!

புரட்டாதியில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பேர்ண் என்பது தங்கள் ஊரிலும் பார்க்க மலிவான பட்டினம் என்று தெரியவந்திருப்பதால் படியை நிறுத்தப்போகிறார்களாம். அன்று பின்னேரம் நாலு பெண்சாதிமாரும் இந்த வீட்டு விறாந்தையில் நின்றார்கள். மேஜர் ஒருவரின் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்து, "நாங்கள் இஞ்சை ஒரு கோப்பியைக் கண்ணீரோடை குடிக்கிறம். நீ மட்டும் எந்தக் கடையிலையடி கோழி வாங்கினனி? எங்களையும் கூட்டிக்கொண்டு போவன்!" என்றா. மிஸிஸ் கேணல், "படி இல்லாட்டில் உன்ரை சம்பளத்துக்கு நான் எங்கை போறது?" என்று அழுதா. கேணல் கடைசியாக வந்தார். "எத்தினையோ சண்டையிலை நிண்டனான், சந்திரமதி. ஒருத்தரும் என்னை விழுத்தேல்லை. நீ ஒரு சந்தைப் பையோடை விழுத்திப்போட்டாய்" என்றார். அடுத்த மாதமுடிவோடு என்னை நிறுத்துவது என்று முடிவாயிற்று.

அறைக்குள் போய் உங்கள் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வாறன் என்று எழுத உட்கார்ந்தேன். இந்த அறை யன்னலைத் திறந்தால் கீழே ஆறு தெரியும். அவருடைய சாம்பலை அந்த ஆற்றில்தான் விட்டோம். உங்களுக்கு நான் இதுவரை சொல்லவில்லை, காலையில் கோப்பி போட்டதும் நான் முதலில் போவது அந்த யன்னலுக்குத்தான். பேனையை மூடி வைத்தேன். எழும்பிப் போய்க் கேணலிடம் சொன்னேன்: "நான் போறன் ஐயா. அதுக்கு முதல் உங்கடை பெரியவரை இஞ்சை வரச் சொல்லுங்கோ. நான் எப்பிடி வாங்கிறன் எண்டு அவர் ஒருக்கால் பாக்கட்டும்."

வந்தார். விலை பார்த்துப் படியைத் தீர்மானிக்கிற பரிசோதகர், ஊசி மாதிரி மெலிந்த மனிதர், சிரிப்பே இல்லை. சனிக்கிழமை சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரேசா அவருடைய கோட்டையும் தோல் பையையும் பார்த்துவிட்டு, "மிருக வைத்தியரோ? ஐயோ, ஸ்ரீக்கு என்ன நடந்தது?" என்றாள். பரிசோதகருக்கு நன்றாக ஜெர்மன் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அவர்கள் கதைத்ததைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார்.

"எந்த ஸ்ரீ?"

"இவவின்ரை பெரிய முயல். ஆறு வளக்கிறாவே! இந்த இலையெல்லாம் அதுகளுக்குத்தானே குடுக்கிறன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "கேணல் வீட்டிலை முயல் இருக்கோ?"

"இல்லை ஐயா."

"அப்ப இலையை ஆர் தின்னிறது?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கேணல்" என்றேன்.

அந்த மனிதர் தோல் பையைக் கீழே வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துத் திரேசாவுக்கு விளங்கப்படுத்தினார். அவள் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்து, "உம்மடை மனுசன் போன பிறகு வீட்டிலை துணைக்கு முயலாவது நிக்குது எண்டு நினைச்சு நிம்மதியா இருந்தனே" என்று சொன்னாளாம், அவர்தான் சொல்லித்தந்தார். எனக்குத் தலை நிமிர முடியவில்லை அண்ணை. அவள் முயலைச் சாட்டி என்னைத்தான் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மத்தியானம் பரிசோதகர் வீட்டில் சாப்பிட்டார். முள்ளங்கி இலை வறை வைத்தேன், மூன்றுதரம் வாங்கினார். கேணல் இந்த வறையைப் பல நாட்டு அதிகாரிகளுக்கு விருந்து வைத்துப் பெருமை அடித்தவர், கதை தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பரிசோதகரின் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார். "அந்தாள் தின்னுது, எனக்கென்ன" என்று திரும்ப எடுத்தார். கடைசியில் பரிசோதகர் வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "இது இந்த ஊரின்ரை விலை இல்லை, இந்த மனுசியின்ரை விலை. இவ வாங்கிற விலைக்கு வேறை ஒருத்தராலும் வாங்கேலாது." கடையில் எழுதிப் போட்டிருக்கிற விலையையே எடுத்துக்கொண்டு போனார். இந்தக் கிழமை பதில் வந்துவிட்டது. படி முன்னையிலும் பார்க்கக் கூடியிருக்கிறது. மிஸிஸ் கேணல் என்னைக் கட்டிப்பிடித்து, "நீ எங்கையும் போகக்கூடாது. ஆனா இனி ஆர் விலை கேட்டாலும் எனக்குத் தெரியாது எண்டு சொல்லு" என்று சத்தியம் வாங்கியிருக்கிறா.

ஆகவே அண்ணை, வேலை நிலையானது, கல்லு மாதிரி இருக்கிறது. ரிக்கற்றுக்கு ஒழுங்கு செய்ய வேண்டாம். திவசத்தை நான் இங்கேயே செய்கிறேன். ஐயர் இல்லை, ஆனால் திரேசா வருகிறாளாம், அவருக்குப் பிடித்த கறிகளை நான் சமைப்பேன். உங்கள் கையால் அங்கேயும் நாலு பேருக்குச் சோறு கொடுத்துவிடுங்கள். உங்கள் எல்லோருடைய வீட்டு விளக்கும் அணையாமல் எரிய வேண்டும், மருமக்கள் படித்து நல்ல இடத்தில் இருக்க வேண்டும். மச்சாளின் நித்திரைக்குப் பாலில் சாதிக்காய் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கச்சி
சந்திரமதி

பி.கு. (18.10.86): கடிதம் முத்திரை ஒட்டாமல் ஒரு கிழமை கிடந்துவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான். மேலே வேலை நிலையானது என்று எழுதியதைத் தயவுசெய்து வெட்டிவிடவும். படி கூடிப்போனதால், இவ்வளவு செலவான பட்டினத்தில் ஐந்து குடும்பத்தை வைத்திருக்கக் கட்டுபடியாகாது என்று அவர்களுடைய அரசாங்கம் கண்டுபிடித்துவிட்டதாம். தை மாதம் எல்லோரும் ஊருக்குத் திரும்புகிறார்கள். அதற்காக ரிக்கற் எடுத்துவிடாதேயுங்கள். செவ்வாய்க்கிழமை திரேசாவுக்குப் பாதி சொல்லாலும் பாதி கையாலும் சொன்னேன். தன் வீட்டு மேல்மாடியில் ஒரு அறை இருக்கிறது, சந்தையில் தன்னோடு நில் என்றாள், இங்கே தங்குகிற பேர்மிற் அலுவலுக்குத் தானே அரசாங்கக் கந்தோருக்கு வருகிறாளாம். இன்றைக்கு அவளுடைய மேசையில் ஒரு மூலை எனக்கு. இலைகளைச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, எப்படிச் சமைப்பது என்று கையால் காட்டிக் காட்டி விற்றேன். முதலில் வந்தது அந்த மேஜரின் மனைவி. விலையைக் கேட்டுவிட்டு, "நீ முந்தி இதைச் சும்மாதானே வாங்கினனி!" என்று வாயைப் பிளந்தா.

"அது முயலுக்கு மேடம்" என்றேன். ஒரு சதம் குறைக்கவில்லை.