சாக்கு போட்டு மூடிய பக்கெட்

ஒற்றைச் செருப்போடு லாஸ்பேட்டை சாலையில் நடந்துகொண்டிருந்தேன். இன்னொரு செருப்பு, அரை மணி நேரத்துக்கு முன் நான் வெளியேறிய ஃபைபர் கதவுப் பட்டறையின் தரையோடு தரையாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு திருப்பூர், சூரத், பெங்களூர் என்று எத்தனையோ வேலைகளிலிருந்து இப்படி வெளியே நடந்திருக்கிறேன். அவையெல்லாம் நானாக விட்டவை (என்றுதான் வெளியில் சொல்வேன்). இந்த வேலையை மட்டும் விடக் கூடாது என்றிருந்தேன். கருவடிக்குப்பத்து மலர் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "ஆறு மாசம் ஒரே வேலையில நில்லு. அப்புறம் எங்கப்பாகிட்ட உன்னப்பத்திப் பேசறேன்."

ஐந்து மாதம் இருபது நாள் நின்றிருந்தேன்.

பட்டறையில் ரெசினோடு ஹார்ட்னரைக் கலப்பது என் வேலை. இரண்டும் சேர்ந்தால் கூழாக இருப்பது கல்லாகிவிடும். சின்ன பிளாஸ்டிக் மக்கில், ஒவ்வொரு மக்காகத்தான் கலக்க வேண்டும், கலந்த நேரத்தைச் சாக்பீஸால் சுவரில் எழுத வேண்டும் என்பது அஞ்சலை அக்காவின் சட்டம். துணி மில் மூடியதும் இங்கே வேலைக்கு வந்த மூத்த தொழிலாளி. முதலாளியே அவருக்குக் கொஞ்சம் பயப்படுவார்.

அன்று ஒரு கல்லூரியிலிருந்து வேதியியல் மேடம் வந்திருந்தார். மக்குக்குப் பதில் பெரிய தொட்டியில் கலந்தால் ஆபத்தா என்று முதலாளி கேட்டிருந்தார். மேடம் உள்ளே லேப்டாப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வெளியே, யாரும் கேட்காமலேயே, அதைச் செய்துகொண்டிருந்தேன்.

என் கணக்கு எளிது. ஒரு மக்கு இறுக இருபது நிமிடம். ஆகவே ஒரு பக்கெட்டும் இறுக இருபது நிமிடம். கலவையைக் கதவு அச்சில் ஊற்றுபவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பக்கெட் முழுக்கக் கலந்து, தூசி விழாமலிருக்கச் சாக்கால் சுற்றி மூடி, சட்டப்படி சுவரில் எழுதினேன். சும்மா நிற்காமல் அவ்வப்போது தொட்டுப் பார்த்தும் எழுதினேன்.

11.10 கலந்தது. 11.16 சூடு. 11.19 தொட முடியல. 11.21 புகை.

"டேய், அடுப்பே இல்லாம இன்னாடா கொதிக்குது?" என்றார் அஞ்சலை அக்கா.

"தானா அடங்கிடும் அக்கா."

பக்கெட்டின் அடி உருகி, கலவை என்னை நோக்கி வந்தது.

"செருப்ப உட்டுட்டு ஓடியாடா!"

யாருக்கும் அடியில்லை. எல்லோரும் வாசலில் நின்று இருமினோம். முதலாளி கத்தினார்: "இனிமே இந்த கேட்டுக்குள்ள செருப்புக் கால வெச்ச..."

"வெக்கறதுக்குச் செருப்பு ஒண்ணுதான இருக்கு மொதலாளி," என்றார் அக்கா.

இப்படித்தான் நான் சாலைக்கு வந்தேன். பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மேடம்.

"சுவத்துல எழுதினது நீங்களா? பதினோரு நிமிஷத்துல புகை. என் கணக்குல பக்கெட்டுக்குப் பதினாலு வந்துச்சே!"

"மன்னிச்சிடுங்க மேடம். அடுத்த தடவ பதினாலுக்கே வர மாதிரி பாத்துக்கறேன்."

சிரிக்காமல் விளக்கினார். கலவை தானாகவே சூடாகும். சூடு ஏற ஏற இன்னும் வேகமாக வினைபுரியும். மக்கில் அந்தச் சூடு வெளியே தப்பிவிடும், பக்கெட்டின் நடுவில் மாட்டிக்கொள்ளும். சூடு பிறக்கும் வேகம், வெளியேறும் வேகம் இரண்டையும் சமன்பாடாக எழுதினால், எப்போது கைமீறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமாம்.

"வெளியேறுறதுலதான் எங்கயோ தப்பு..." என்றார்.

"சாக்கு போட்டு மூடினேன் மேடம்."

இப்போது சிரித்தார். ஸ்கூட்டர் ஆட ஆடச் சிரித்தார். "அதான் மூணு நிமிஷம் முந்திடுச்சு! நாளைக்கு லேபுக்கு வரீங்களா? இதே மாதிரி எழுதணும். கைய வெச்சு இல்ல, தெர்மாமீட்டர் வெச்சு."

மாலையில் மலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆறு மாசத்த மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணுமா?"

செருப்பில்லாத என் காலைப் பார்த்தாள். யோசித்தாள். "அங்கயும் கலக்கறதுதான? அதே வேலைதான். மீதி பத்து நாள் நில்லு."

கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து இன்றும் நான் கோபப்பட்டால் மலர் சாக்பீஸை எடுப்பாள். சமையலறைக் கதவில் எழுதுவாள்: 7.10 சூடு. 7.12 தொட முடியல. அடுத்த வரிக்காக எங்கள் மகள் சாக்பீஸை வாங்கிக்கொண்டு காத்திருப்பாள்.

பட்டறையை விட்டு வந்த மறுநாள் காலை, புதுச் செருப்போடு லேபுக்குப் போனேன். ஒரு டம்ளர் கலவை, ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. முதல் வரியை எழுதினேன்:

9.00 சூடு இல்லை. செருப்பு இரண்டும் காலில் உள்ளன.